டீசல் ஃபேமிலி வேன்: கேரன்ஸா, கிரிஸ்டாவா, கார்னிவலா?

ஏழு பேர் உட்கார வேண்டும், டீசலாக இருக்க வேண்டும், பட்ஜெட்டும் கையைக் கடிக்கக் கூடாது. இப்படித் தேடினால் சுற்றிச் சுற்றி மூன்று பெயர்கள்தான் வந்து நிற்கும். புதிய கியா கேரன்ஸ், சில வருடம் ஓடிய டொயோட்டா இன்னோவா கிரிஸ்டா, இன்னும் கொஞ்சம் பழசானால் பட்ஜெட்டுக்குள் இறங்கி வரும் பழைய தலைமுறை கியா கார்னிவல். பலரும் மைலேஜைத்தான் முதலில் கேட்கிறார்கள். கடைசி வரிசையில் யார் உட்காரப் போகிறார்கள் என்று கேட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கேரன்ஸின் நீளம் 4540 மிமீ, கிரிஸ்டாவின் நீளம் 4735 மிமீ. ஆனால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரத்தை, அதாவது வீல்பேஸைப் பாருங்கள்: கேரன்ஸில் 2780, கிரிஸ்டாவில் 2750. சின்ன வண்டிக்குத்தான் சக்கர இடைவெளி அதிகம்! கேரன்ஸில் இன்ஜின் குறுக்குவாட்டில் இருந்து முன் சக்கரங்களை ஓட்டுகிறது. கிரிஸ்டாவில் இன்ஜின் நீளவாக்கில் இருக்கிறது. அங்கிருந்து அடியில் ஓடும் ஷாஃப்ட் வழியாகப் பின் சக்கரங்களுக்குச் சக்தி போகிறது. வண்டியின் நீளத்தில் நல்ல பங்கை மூக்குப் பகுதியே எடுத்துக்கொள்கிறது. போதாததற்கு, லேடர் ஃபிரேம் என்ற ஏணி வடிவ இரும்புச் சட்டத்தின் மேல் பாடியை உட்கார வைத்த வண்டி என்பதால் தரையும் உயரம். முட்டி வலி உள்ள பெரியவர்கள் கைப்பிடியைப் பிடித்து ஏறித்தான் உட்கார வேண்டும். கேரன்ஸில் கார் மாதிரியே ஏறி உட்கார்ந்துவிடலாம்.

அதற்காகக் கேரன்ஸ் ஜெயித்துவிட்டது என்று இல்லை. மூன்றாவது வரிசையில் பெரியவர்கள் உட்காரலாம். ஆனால் ஓரிரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் தொடைக்குக் கீழே தாங்கல் போதாமல் நெளிய ஆரம்பிப்பார்கள். கிரிஸ்டாவில் தோள் பக்கமும் தலைக்கு மேலும் தாராளம். கேரன்ஸின் உண்மையான இடைஞ்சல் டிக்கிதான். மூன்று வரிசையும் விரித்திருக்கும்போது 216 லிட்டர் இடம்தான் மிஞ்சும், கிரிஸ்டாவில் 300. அதாவது ஏழு பேர் ஏறினால் ஏழு பேரின் பெட்டிகள் ஏறாது. ஒன்று கூரை மேல் கேரியர் போட வேண்டும், இல்லையென்றால் கடைசி வரிசையில் பாதியை மடக்கி ஆறு பேராகப் போக வேண்டும். வாரம் முழுக்க நான்கு பேர், எப்போதாவது உறவினர் இருவர் என்ற குடும்பத்துக்கு இதெல்லாம் பிரச்சினையே இல்லை. அவர்கள் கிரிஸ்டாவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஆள் நிறைந்ததும் கணக்கு மாறுகிறது. கேரன்ஸின் 1.5 லிட்டர் டீசல் 116 பிஎஸ் சக்தியும் 250 என்எம் டார்க்கும் (சக்கரத்தைச் சுழற்றும் முறுக்குவிசை) தருகிறது. சமதரையில் ஏழு பேரோடும் சலிக்காமல் போகும். மேட்டில் கியரை இறக்கிப் போட வேண்டியிருக்கும். கிரிஸ்டாவின் 2.4 லிட்டர் இன்ஜின் 150 பிஎஸ், மேனுவலில் 343 என்எம். பின் சக்கரம் தள்ளும் வண்டி என்பதால் பின்னால் பாரம் ஏற ஏறப் பிடிமானம் கூடும். முன் சக்கரம் இழுக்கும் வண்டியில் இது தலைகீழ்: மேட்டில் எடை பின்னால் சாய்ந்து, இழுக்க வேண்டிய சக்கரங்கள் லேசாகிவிடும். ஈரமான செங்குத்து ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். ஆனால் தனியாக ஓட்டும்போது கிரிஸ்டாவின் பின்பக்கம் குதிக்கும். கிளட்சும் கனம். நெரிசலில் தினமும் ஓட்டுபவரின் இடது கால் இதை மன்னிக்காது.

செகண்ட் ஹேண்டில் கிரிஸ்டா தேடும்போது டாக்ஸியாக ஓடியதா என்று முதலில் பாருங்கள். மீட்டர் என்ன சொன்னாலும் சரி, பெடல் ரப்பரின் தேய்மானம், ஸ்டீயரிங்கின் பளபளப்பு, டிரைவர் சீட்டின் வெளிப்பக்க ஓரம் மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

அப்புறம் கார்னிவல். வசதியில் மற்ற இரண்டும் பக்கத்தில்கூட வர முடியாது. நீளம் 5115 மிமீ, வீல்பேஸ் 3060 மிமீ, 2.2 லிட்டர் இன்ஜினில் 200 பிஎஸ். பின்கதவுகள் சறுக்கித் திறப்பதால் பக்கத்து வண்டியில் குழந்தைகள் கதவை இடித்துவிடுவார்களோ என்ற பயமே கிடையாது. ஆனால் அகலம் 1985 மிமீ. பார்க்கிங் இடத்தை டேப் வைத்து அளந்துவிட்டு மேற்கொண்டு பேசுங்கள். இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள்: பழசாகும்போது வண்டியின் விலைதான் இறங்குகிறது, உதிரி பாகத்தின் விலை இறங்குவதில்லை. டயர், பிரேக், எட்டு கியர் ஆட்டோமேட்டிக், கதவு மோட்டார் எல்லாமே பெரிய வண்டிக்கான செலவுதான் வைக்கும். வாங்கும் பணத்துக்கு மேல் பராமரிப்புக்கென்று தனியாக ஒரு தொகை ஒதுக்க முடிந்தால் தாராளமாக எடுக்கலாம். பார்க்கப் போகும்போது இரண்டு கதவுகளையும் நாலைந்து தடவை திறந்து மூடுங்கள். நடுவில் தயங்கினாலோ தடத்தில் உரசும் சத்தம் வந்தாலோ பேரத்தில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, டீசல்தான் வேண்டுமா? இப்போதைய டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற ஃபில்டர் இருக்கிறது. சேர்ந்த கரியை அது அவ்வப்போது எரித்துச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அதற்கு ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை, வண்டியும் சீராகக் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். பள்ளிக்கூடம், கடை, வீடு என்று சின்னச் சின்னத் தூரமாகவே ஓட்டினால் எரிப்பு பாதியில் நின்றுபோகும். எரிக்கவென்று கூடுதலாகத் தெளித்த டீசலில் கொஞ்சம் இன்ஜின் ஆயிலில் போய்க் கலக்கும். அப்படி ஓட்டும் வீட்டுக்குக் கேரன்ஸையே பெட்ரோலில் எடுப்பது மேல். பழைய வண்டி பார்க்கும்போது இன்ஜின் ஆயில் அளவைக் காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள்: ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நின்று டீசல் வாடையும் அடித்தால், மூன்றில் எதுவானாலும் விட்டுவிடுங்கள்.