குன்னூர் பழம்பொருள் கடை: கேமரா அலமாரியை விட்டுவிடாதீர்கள்

குன்னூர் மார்க்கெட் பக்கத்துச் சந்தில் இருக்கும் இந்தக் கடைக்குத் தாராளமாகப் போகலாம், பேரம் பேசத் தெரிந்தால். எஸ்டேட் பங்களாக்களில் இருந்து வந்ததாகச் சொல்லும் பித்தளை விளக்கு, சுவர்க்கடிகாரம் எல்லாம் விலை ஓவர், சில கடிகாரங்கள் புதுசை அழுக்காக்கி வைத்தது போலத்தான் தெரிகிறது. ஆனால் கேமரா அலமாரி தனி ரகம். தாத்தா விட்டுப்போன அக்ஃபா கிளிக் 3 கேமரா என்னிடம் இருக்கிறது, 120 என்கிற அகலமான ஃபிலிம் ரோலில் சதுரம் சதுரமாக 12 படம் எடுக்கும், அதற்குத் தோதாக நம்ம ஊட்டி ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 1960-இல் தொடங்கிய அதே அரசு நிறுவனம், தயாரித்த ‘இந்து’ (Indu) பிராண்ட் ஃபிலிம் டப்பா ஒன்று உறை பிரிக்காமல் அடித்தட்டில் கிடந்தது! அந்த ஆலையே மூடியாச்சு, இனி எங்கே கிடைக்கும்? காலாவதியானது, படம் விழாது என்று சொல்லித்தான் கொடுத்தார் கடைக்கார அண்ணன், அது பிடித்தது. அப்புறம், பில்லைக் கேட்டு வாங்குங்கள், தானாகத் தர மாட்டார்.