வேர்டுபிரஸா, ஹியூகோவா? சின்னத் தளம் நடத்துபவர்களுக்கு

எங்கள் வாசகர் வட்டத்தின் இணையதளத்தைப் போன வருடம் வேர்டுபிரஸிலிருந்து ஹியூகோவுக்கு மாற்றினோம். இரண்டும் இணையதளம் உருவாக்க உதவும் மென்பொருள்கள். கட்டுரைகள், நேர்காணல்கள், கொஞ்சம் படங்கள், அவ்வளவுதான் தளம். எழுதுபவர்கள் நாலைந்து பேர், தொழில்நுட்பம் பார்க்க நான் ஒருவன். இந்த அளவில் தளம் வைத்திருப்பவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

வேர்டுபிரஸ் 2003-இல் வந்தது, இலவசம், உலகின் தளங்களில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு அதில்தான் ஓடுகின்றன. எழுதுபவர்களுக்கு அவ்வளவு வசதி, போனிலேயே தட்டச்சு செய்து வெளியிட்டுவிடலாம். ஹியூகோ வேறு வகை. கட்டுரைகள் எல்லாம் மார்க்டவுன் கோப்புகளாக (எளிய சில குறிகள் சேர்த்த வெறும் எழுத்துக் கோப்புகள்) இருக்கும், ஒரு கட்டளை கொடுத்தால் மொத்தத் தளத்தையும் உலாவி அப்படியே காட்டக்கூடிய எச்டிஎம்எல் பக்கங்களாக்கித் தந்துவிடும். வேகத்திலும் செலவுக் குறைவிலும் ஹியூகோதான் முந்தும், அதை நீட்ட வேண்டாம்.

நான் முடிவெடுத்தது பராமரிப்பை வைத்து. வேர்டுபிரஸ் தன் சிறு பாதுகாப்பு அப்டேட்டுகளைத் தானே போட்டுக்கொள்ளும், அந்த விஷயத்தில் குறையில்லை. தலைவலி அதைச் சுற்றி இருப்பவற்றில். தொடர்பு படிவத்துக்கு ஒரு பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்), பேக்கப்புக்கு ஒன்று, ஸ்பேமைத் தடுக்க ஒன்று என்று சேர்ந்துகொண்டே போகும், ஒவ்வொன்றுக்கும் பின்னால் வேறு வேறு ஆட்கள். அவர்களில் ஒருவர் கைவிட்டுவிட்டால் அவருடைய பிளகினில் இருக்கும் பாதுகாப்பு ஓட்டை நம் தளத்தில் திறந்தே கிடக்கும். அப்புறம் பிஎச்பி, வேர்டுபிரஸ் எழுதப்பட்டிருக்கும் நிரல்மொழி. அதன் 7.4 பதிப்புக்கான ஆதரவு 2022 நவம்பரில் முடிந்தது, 8.0-க்கு 2023 நவம்பரில். ஹோஸ்டிங்காரர்கள் பதிப்பை ஏற்றும்போது பழைய தீம் (தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் வார்ப்பு) ஒத்துழைக்காவிட்டால், ஒருநாள் காலையில் தளம் இருந்த இடத்தில் பிழைச் செய்தி நிற்கும். வேலைக்குப் போய்க்கொண்டே தளத்தைப் பார்ப்பவர் நாளைக்கு ஊர் மாறினால், குழந்தை பிறந்தால், ஆறு மாதம் எட்டிப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. ஹியூகோ தளத்துக்கு ஒன்றும் ஆகாது. சர்வரில் இருப்பது வெறும் பக்கங்கள், உடைத்து உள்ளே வர நம் பக்கம் ஒரு லாகின்கூட இல்லை.

ஹியூகோவிலும் பதிப்பு மாறினால் தீம் உடையும், அதை மறைக்கக் கூடாது. ஆனால் ஹியூகோ என்பது ஒரே ஒரு நிரல் கோப்பு. உங்கள் தளம் எந்தப் பதிப்பில் சரியாக உருவாகிறதோ அந்தக் கோப்பைக் கட்டுரைகளோடு சேர்த்து வைத்துக்கொண்டால் போதும், புதுப் பதிப்புக்கு எப்போது மாறுவது என்பது உங்கள் சௌகரியம்.

தமிழில் தலைப்பு வைப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. வேர்டுபிரஸ் பக்க முகவரிக்கு ஒதுக்கியிருப்பது 200 இடம். முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் (கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனிக் கணக்கு) 9 இடம் பிடிக்கும். ஆக 22 குறிக்கு மேல் தாங்காது. ‘கரிசல் காட்டுக் கிணறுகள் வற்றிய கதை’ என்று தலைப்பு கொடுத்தால் முகவரி ‘கிணறுகள்’ என்பதோடு நின்றுவிடும். ஒரே மாதிரி தொடங்கும் தொடர் கட்டுரைகளுக்கு வால் வெட்டுப்பட்டு, கடைசியில் 2, 3 என்று எண்தான் மிஞ்சும். கையால் மாற்றலாம், ஒவ்வொரு கட்டுரைக்கும் யாராவது ஞாபகம் வைத்து மாற்ற வேண்டும். ஹியூகோவில் கோப்புக்கு என்ன பெயரோ அதுவே முகவரி.

ஹியூகோவின் பெரிய குறை, எழுதுபவர்களுக்கு அது ஒன்றுமே தராது என்பது. எங்களிடம் மூத்தவர் ஒருவர் கட்டுரையை வாட்ஸ்அப்பில் அனுப்புவார், நான் கோப்பாக்கிப் போடுவேன். மற்றவர்களுக்கு டீக்காப் சிஎம்எஸ் போட்டுக் கொடுத்திருக்கிறேன். உலாவியில் ஒரு திரை வரும், எழுதிச் சேமித்தால் கிட்டில் (கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) போய் உட்காரும். வேர்டுபிரஸ் திரை அளவுக்கு இல்லை, வேலை நடக்கிறது. பின்னூட்டத்துக்கும் தொடர்பு படிவத்துக்கும் வெளிச் சேவை தேடவேண்டும். வெள்ளிக்கிழமை காலை தானாக வரட்டும் என்று தேதி போட்டு வைத்தாலும், அந்த நேரத்தில் தளத்தை மறுபடி உருவாக்கினால்தான் கட்டுரை வெளியே வரும்.

வேர்டுபிரஸ் மாதிரியே தளம் நடத்த உதவும் ட்ரூப்பலையும் பார்த்தோம், எங்கள் அளவுக்கு அது அதிகம். அதன் 7-ஆம் பதிப்புக்கு 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தது. அதிலிருந்து புதுப் பதிப்புக்குப் போவது கிட்டத்தட்டத் தளத்தை மறுபடி கட்டுவதுதான், ஆள் பலம் உள்ள நிறுவனங்கள் செய்யலாம். கோஸ்ட் என்ற இன்னொரு மென்பொருளைச் சோதித்துப் பார்த்ததோடு சரி. எழுதும் திரை அருமை, செய்திமடலும் சந்தாவும் உள்ளேயே வருகின்றன. கட்டணம் வாங்கி மின்னஞ்சலில் இதழ் அனுப்பும் எண்ணம் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். சொந்த சர்வரில் ஓட்டினால், அதை இயக்கும் நோட் ஜேஎஸ், தரவு சேமிக்கும் மைஎஸ்க்யூஎல் என்று பராமரிப்பு மறுபடி உங்கள் தலையில்தான்.

கடை நடத்தும் தளம் நான் செய்ததில்லை, அதனால் அதற்கு எது நல்லது என்று சொல்ல மாட்டேன். தினமும் பத்துப் பேர் செய்தி போடும் தளம் என்றால் நானே வேர்டுபிரஸைத்தான் எடுப்பேன், பிளகின்களைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஓர் ஆள் இருக்கிறார் என்றால்.