பல் பிடுங்க எந்த மரப்பு ஊசி நல்லது?

பல் பிடுங்க நாற்காலியில் உட்காரும் பலரும் முதலில் சொல்வது, "டாக்டர், ஊசியை நல்லா ஸ்ட்ராங்கா போடுங்க" என்பதைத்தான். நியாயமான பயம். ஆனால் லிடோகெயின் என்ற அதே மரப்பு மருந்தை மேல்தாடையில் ஈறோரம் போட்டால் பல் முழுக்க மரத்துவிடும். கீழ்க் கடைவாயில் அப்படியே போட்டால் ஈறு மட்டும் மரக்கும், பல்லை அசைத்ததும் உயிர் போகும். மருந்து வேரை எட்ட எலும்பு வழி விடுகிறதா என்பதைப் பொறுத்தது இது.

மேல்தாடை எலும்பின் வெளித்தகடு மெல்லியது, நுண்துளைகள் நிறைந்தது. வேர் நுனிக்கு நேராகக் கன்ன மடிப்பில் மெதுவாக மருந்தை இறக்கினால் சில நிமிடங்களில் எலும்பைத் தாண்டிப் போய்விடும். இதைத்தான் இன்ஃபில்ட்ரேஷன் என்கிறார்கள். சுலபம், தவறுவது அரிது. மேல் பற்களுக்கு இதைவிட்டு வேறெங்கும் போக வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை.

சிக்கல் அண்ணத்துப் பக்கம்தான். பல்லை அடைக்க மட்டும் என்றால் கன்னப்பக்க ஊசி போதும். பிடுங்குவதற்கு உள்பக்க ஈறும் மரக்க வேண்டும். அங்கே சதை எலும்போடு இறுக ஒட்டியிருப்பதால் மருந்துக்கு இடமில்லை, அதனால்தான் அந்த ஊசி அப்படிச் சுருக்கென்று குத்துகிறது. பஞ்சுக் குச்சியால் அந்த இடத்தை வெளிறும்வரை அழுத்திப் பிடித்து, அதன் ஓரத்திலேயே ஊசியை நுழைத்து, சில சொட்டுகளை மிக மெதுவாக விட்டால் வலி வெகுவாகக் குறையும். ஆர்டிகெயின் என்ற இன்னொரு மரப்பு மருந்தைக் கன்னப்பக்கம் மட்டும் போட்டே மேல் பற்களைப் பிடுங்கலாம் என்று காட்டும் ஆய்வுகளும் உண்டு. இருந்தாலும் எல்லாருக்கும் அது போதும் என்று நம்பிப் பல் பிடுங்கும் இடுக்கியை எடுத்துவிடக் கூடாது. முதலில் உள்பக்க ஈறைக் கருவியால் தொட்டுப் பார்த்துவிட வேண்டும்.

கீழ்த்தாடைக் கடைவாயில் எலும்பு தடிமன். அதனால் நரம்பு தாடைக்குள் நுழையும் இடத்துக்கே போய் அதை மரக்க வைக்க வேண்டும். இதுதான் நெர்வ் பிளாக். ஒரே ஊசியில் அந்தப் பக்கத்துக் கீழ்ப் பற்கள், கீழுதடு, பெரும்பாலும் நாக்கின் பாதியும் மரத்துவிடும். கடைவாய்ப் பல்லின் கன்னப்பக்க ஈறுக்கு வேறு நரம்பு என்பதால் அதற்குத் தனியாக ஒரு சிறு ஊசி. இவ்வளவு செய்தும் நூற்றில் 15 முதல் 20 பேருக்கு முதல் முறையில் சரியாகப் பிடிப்பதில்லை என்பது பல் மருத்துவத்தில் பழகிப்போன கணக்கு. நரம்பின் இடம் ஆளுக்கு ஆள் மாறும். ஊசி முனை கொஞ்சம் விலகினாலும் போச்சு. உதடு தடித்த மாதிரி இருப்பது நல்ல அறிகுறி, ஆனால் பல்லும் மரத்துவிட்டது என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.

பல் அழுகி வீங்கியிருந்தால் இன்னும் கஷ்டம். அழற்சி உள்ள இடத்தில் அமிலத்தன்மை கூடுவதால் மருந்தில் நரம்புக்குள் ஊடுருவக்கூடிய பங்கு குறைந்துவிடும். சீழ் உள்ள இடத்திலேயே திரும்பத் திரும்பக் குத்துவதைவிட, தள்ளி நின்று நரம்பைப் பிடிக்கும் பிளாக் இங்கே மேல்.

சாதாரண பிளாக் பிடிக்கவில்லை என்றால் இரண்டு மாற்று வழிகள் உண்டு. 1973இல் ஆஸ்திரேலியப் பல் மருத்துவர் ஜார்ஜ் கவ்-கேட்ஸ் விவரித்த முறையில், வாயை அகலத் திறக்க வைத்து காதுக்கு முன்னால் உள்ள தாடை மூட்டு எலும்பின் குறுகிய பகுதியருகே மருந்து போடுவார்கள். மரக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், ஆனால் ஒரே ஊசியில் அதிக நரம்புகள் அடங்கும். வாயே திறக்க முடியாதவருக்கு, பற்களைக் கடித்தபடியே போடும் அகினோசி முறை. இரண்டுக்கும் கைப்பழக்கம் வேண்டும்.

எனக்குப் பிடித்தது, பல்லை எலும்போடு பிணைக்கும் நாரில் போடும் பல்தசைநார் ஊசி. மெல்லிய ஊசியைப் பல்லுக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள இடுக்கில் நுழைத்து, ஒவ்வொரு வேருக்கும் சுமார் 0.2 மில்லி மருந்தை அழுத்தி ஏற்றுவார்கள். உடனே மரக்கும், உதடும் நாக்கும் மரக்காது. ரத்தம் உறையாத நோய் உள்ளவர்களுக்கு, தொண்டையருகே ஆழத்தில் ரத்தம் கட்டும் ஆபத்துள்ள பிளாக்கைவிட இது பாதுகாப்பு. பல்லை அடைக்கும்போது இதைப் போட்டால் அந்தப் பல் பிறகு சில நாள் கடித்தால் வலிக்கலாம். பிடுங்கப் போகிற பல்லுக்கு அந்தக் கவலை ஏது? குறை என்னவென்றால், மரப்பு சீக்கிரம் தணிந்துவிடும். வேர் வளைந்த பல்லை மெதுவாக எடுக்க நேரம் போதாமல் போகலாம். ஈறில் சீழ் இருந்தால் போடவும் கூடாது.

ஆகவே கீழ்க் கடைவாய்க்கு முதலில் பிளாக், பாதி பிடித்தால் அதன்மேல் தசைநார் ஊசி என்பதே என் தேர்வு. ஒரே இடத்தில் மூன்றாவது, நான்காவது பிளாக் போட்டுக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

எந்த முறையானாலும் அழுத்துவதும் ஆட்டுவதும் தெரியத்தான் செய்யும், மரப்பு அதை நிறுத்தாது. சுரீரென்று குத்தினால் மட்டும் கையைத் தூக்குங்கள். மருத்துவர் நிறுத்தி, இன்னும் மரக்க வைத்துவிட்டுத் தொடர வேண்டும். பிளாக் போட்ட குழந்தையை, மரப்பு இறங்கும் மூன்று முதல் ஐந்து மணி நேரத்துக்கு உதட்டைக் கடிக்காமல் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.