இன்டெக்ஸிங்கை நிறுத்தலாமா? ஏழு ஆண்டுப் பழக்கத்தில் சொல்கிறேன்

பக்கத்துக் கடையில் பத்திரம் தட்டும் தம்பி சென்ற வாரம் கேட்டார்: "லேப்டாப் இழுக்கிறது அண்ணே, இன்டெக்ஸிங்கை நிறுத்திவிடட்டுமா?" வேலை மும்முரத்தில் "வேண்டாம்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். ஒற்றைச் சொல்லில் முடிகிற விஷயம் இல்லை இது. தேடும்போது உடனே கிடைக்க வேண்டும் என்று விண்டோஸ் நம் கோப்புகளை முன்கூட்டியே படித்து ஓர் அட்டவணை போட்டுவைக்கிறதே, அதுதான் இன்டெக்ஸிங்.

என்னுடையது 2018இல் வாங்கிய விண்டோஸ் 10 மடிக்கணினி. முதல் ஐந்தாறு ஆண்டுகள் அதில் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான். காலையில் திறந்தால் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கும். அடியில் கறகறவென்று சத்தம். ஒரு கிரயப் பத்திரம் திறப்பதற்குள் வந்தவர் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார். கோபத்தில் சர்வீசஸ் பட்டியலுக்குப் போய், இன்டெக்ஸிங்கை நடத்தும் விண்டோஸ் சர்ச்சை டிசேபிள் செய்தேன். வேகம் கூடியது உண்மை. ஆனால் பழி முழுவதையும் இன்டெக்ஸிங் மீது போட முடியாது. இயல்பாக அது நம் பயனர் கோப்புறைகளையும் ஸ்டார்ட் மெனுவையும்தான் படிக்கும். டி டிரைவ் முழுவதையும் அதில் சேர்த்துவைத்தது நான்.

சென்ற ஆண்டு டிஸ்க் செத்தது. சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டியை மாட்டிக்கொடுத்தவர், "இன்டெக்ஸிங் ஓடினால் இது தேய்ந்துவிடும், நிறுத்துங்கள்" என்றார். நான் கேட்கவில்லை; மறுபடி இயக்கினேன். முதல் முறை படித்து முடித்தபின், மாறிய கோப்புகளுக்கான குறிப்பை மட்டும்தான் அது திருத்துகிறது. அந்த அளவு எழுதுவதால் எஸ்எஸ்டி கவலைப்படும்படி தேயாது. இன்டெக்ஸிங் ஆப்ஷன்ஸில் மாடிஃபை அழுத்தி, பத்திரக் கோப்புறையை மட்டும் விட்டுவிட்டு மற்ற டிக்குகளை எடுத்தேன். ஒரு பகல் மடிக்கணினியின் மின்விசிறி ஓடியது. பிறகு அமைதி.

அதன்பின் நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. என் பழைய கோப்புகள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டியவை. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே கிடப்பவை ஆங்கில எழுத்துகள். மெய்யெழுத்தின் புள்ளி கூட அங்கே அரைப்புள்ளிதான். 'பாகப்பிரிவினை' என்று இன்றைய பொது எழுத்துமுறையான யுனிகோடில் தேடினால் ஒன்றும் வராது. ஆனால் எண்கள் எண்களாகவே இருக்கின்றன! ஒரு நாள் 412 என்று புல எண்ணை மட்டும் தட்டினேன். 2011இல் எழுதிய பாகப்பிரிவினை, அதே நிலத்தின் கிரயம், பிழைதிருத்தல் பத்திரம் மூன்றும் வந்து நின்றன. நான்கெல்லையை மறுபடி தட்ட வேண்டியிருக்கவில்லை. எவ்ரிதிங் என்ற கருவியும் வைத்திருக்கிறேன். டிஸ்கின் கோப்புப் பட்டியலை நேரே படிப்பதால் பெயர்களை இமைப்பொழுதில் தரும். ஆனால் கோப்புக்குள் இருக்கும் 412 சாதாரணமாக அதன் அட்டவணையில் இராது.

இவ்வளவும் சொன்னபின், ஆவணி முகூர்த்த நாளில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பழைய பத்திர விவரம் கேட்டு ஒரு பெரியவர் வந்தார். தேடினேன். பொருந்தும் கோப்பு எதுவும் இல்லை என்றது திரை. நானும் இல்லை என்றேன். அசலை எடுத்துவர அவர் பஸ் ஏறி ஊருக்குப் போனார்; பத்திரப் பதிவுக்கான டோக்கன் நேரம் தவறிவிட்டது. மாலையில் கோப்புறை கோப்புறையாகப் பார்த்தால் பத்திரம் அங்கேயே இருக்கிறது. ஆப்ஷன்ஸைத் திறந்தபோதுதான் தெரிந்தது: என்ன காரணத்தாலோ அட்டவணை முதலிலிருந்து மறுபடி உருவாகிக்கொண்டிருந்தது. "இன்னும் படித்து முடிக்கவில்லை" என்பதும் "இல்லை" என்பதும் ஒன்றா? நான் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் அல்லவா அதைச் சொல்லியிருக்க வேண்டும்?

தம்பிக்கு என் பதில் மாறவில்லை: நிறுத்த வேண்டாம், கோப்புறைகளைக் குறைத்தால் போதும். என் மடிக்கணினியிலோ அன்றிரவே நிறுத்திவிட்டேன். நியாயம் பார்த்தால் இது சரியில்லை. வெயிலில் திரும்பிப் போன அந்த மனிதரை நினைத்தால் மறுபடி இயக்க மனம் வரவில்லை. இப்போது தினமும் கடை சாத்தும் முன், எவ்ரிதிங்கில் அகப்படும்படி பழைய கோப்புகளின் பெயரிலேயே புல எண்ணைச் சேர்த்துவருகிறேன். 2014 வரை முடித்திருக்கிறேன்.