ஒப்பந்தக்காரர் இல்லாமல் பெரியப்பாவை வழியனுப்பியது: செலவும் சேவையும்

கடந்த ஐப்பசி மாதத்தில், தக்கலைக்கு மேற்கே உள்ள எங்கள் குடும்ப வீட்டில், 84 வயதான என் பெரியப்பா உறக்கத்திலேயே காலமானார். ஊருக்குச் செய்தி சொல்லி ஒரு மணி நேரம் ஆகுமுன், இறுதிச் சடங்குகளை மொத்தமாக ஏற்று நடத்தும் நிறுவனம் ஒன்றிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. என் எண்ணை யார் கொடுத்தார்கள் என்பது இன்றுவரை தெரியவில்லை. “அண்ணாச்சி, எல்லாத்தையும் நாங்க பாத்துக்கிடுவோம், நீங்க அழுதா மட்டும் போதும்” என்று பேசியவர் சொன்னார். தொகை 48,000 ரூபாய். எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தாருங்கள் என அத்தான் கேட்டபோது, அப்படித் தரும் வழக்கம் இல்லை என்று பதில் வந்தது. அந்த ஒரு பதிலால்தான் தேவையானவற்றைத் தனித்தனியாக நாங்களே ஏற்பாடு செய்யும்படி ஆயிற்று.

அந்த அழைப்பில் அவர் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. பெரியப்பாவின் நெஞ்சில், இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி இருந்தது. அதிலுள்ள பேட்டரி தகனத்தின் வெப்பத்தில் வெடிக்கக்கூடும் என்பதால், எரியூட்டுவதற்கு முன் கருவியை அகற்றியாக வேண்டும். வழக்கமாகப் பார்த்துவந்த மருத்துவர் வீட்டுக்கு வந்து மரணத்தை உறுதிசெய்தபோது, எரிக்கப்போகிறீர்களா, புதைக்கப்போகிறீர்களா என்று முதலில் கேட்டது இதற்காகத்தான். சிறிய கீறலில் அதை எடுத்துவிட்டு, மரணத்தின் காரணத்தைக் குறிக்கும் 4ஏ படிவத்தையும் எழுதித் தந்தார். வீட்டில் நிகழும் மரணத்தில் இந்தத் தாள்தான் பிற்பாடு எல்லாவற்றுக்கும் அடிப்படை என்பதால், வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. கண்தானத்துக்கு இறந்த ஆறு மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். அதுவரை இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். பெரியப்பா இரவில் எந்நேரம் போனார் என்று தெரியாததால் அந்த வாய்ப்பு எங்களுக்குக் கிட்டவில்லை.

ஃப்ரீசர் பெட்டியை மட்டும் எவ்விதத் தயக்கமுமின்றி வாடகைக்கு எடுக்கச் சொல்வேன். மஸ்கட்டிலிருந்து மகன் வரவேண்டியிருந்ததால் எங்களுக்கு ஒன்றரை நாள் தேவைப்பட்டது. நாளுக்கு 2,500 ரூபாயும் கொண்டுவந்து எடுத்துச்செல்லத் தனியாக 600 ரூபாயும் வாங்கினார்கள். கொண்டுவந்த இளைஞர் பெட்டியைச் சமதளத்தில் வைத்து, வெறுமனே ஓடவிட்டுக் குளிர்ந்த பிறகே உடலை வைக்கச் சொன்னதோடு, பார்க்க வருபவர்கள் கண்ணாடி மூடியை அடிக்கடி திறக்காதபடி ஒருவரை அருகில் உட்காரவும் வைத்தார். தாடையையும் கால் பெருவிரல்களையும் கட்டி, கைகளை நேராக்கும் வேலையை உடல் விறைப்பதற்குள், அதாவது முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்பதையும் அவர்தான் நினைவூட்டினார். குறை என்று சொன்னால், ஜெனரேட்டர் அவரிடம் இல்லை. அன்று இரவு மழையில் மின்சாரம் இரண்டு முறை போனது. பந்தல்காரரின் ஜெனரேட்டர் இருந்ததால் தப்பித்தோம்; மழைக்காலத்தில் பெட்டியைப் பேசும்போதே இதையும் பேசிக்கொள்வது நல்லது.

எங்கே எரிப்பது என்பதில்தான் வீட்டில் உண்மையான வாக்குவாதம் நடந்தது. சொந்த விளையில், அதாவது தோட்டத்தில், மாமரத்தை வெட்டி, கதம்பையும் (தேங்காய் மட்டை) சிரட்டையும் அடுக்கி எரிப்பதே எங்கள் பக்கத்து வழக்கம்; தாத்தாவை அப்படித்தான் எரித்தார்கள். ஆனால் கிராம ஊராட்சிகளுக்கான 1999ஆம் ஆண்டு விதிகளின்படி, உரிமம் பெற்ற இடமாக இல்லாவிட்டால், குடியிருப்பிலிருந்தும் குடிநீர் ஆதாரத்திலிருந்தும் 90 மீட்டருக்குள் சடலத்தைப் புதைக்கவோ எரிக்கவோ கூடாது. எங்கள் விளையில் எந்த மூலையில் நின்றாலும் யாராவது ஒருவருடைய கிணறு அந்தத் தூரத்துக்குள் வந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, ஐப்பசி மழையில் ஊறிய பச்சை மாவிறகு. பெரியம்மா ஒரே வார்த்தையில் நாகர்கோவில் எரிவாயு தகன மேடை என்று முடிவு சொன்ன பிறகு யாரும் பேசவில்லை. அங்கே முன்கூட்டி நேரம் பதிந்து, இறந்தவருடைய ஆதார் நகலையும் மருத்துவரின் சான்றையும் கொண்டுபோனோம். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் சாம்பலைக் கலயத்தில் தந்துவிட்டார்கள்.

வண்டி விஷயத்தில் பலருக்கும் உள்ள ஒரு குழப்பம் எனக்கும் இருந்தது. 155377 என்ற எண்ணில் கிடைக்கும் இலவச அமரர் ஊர்தி, அரசு மருத்துவமனையில் இறந்தவர்களை வீட்டுக்கோ இடுகாட்டுக்கோ கொண்டுசேர்ப்பதற்கானது. சில ஆண்டுகளுக்கு முன் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்து என் மாமனாரை அதில்தான் கொண்டுவந்தோம். ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை. பெரியப்பா வீட்டில் இறந்ததால், தக்கலையிலிருந்து 17 கிலோமீட்டர் போவதற்குத் தனியார் வண்டிக்கு 3,000 ரூபாய் கொடுத்தோம்.

சடங்குகளை நாங்களே செய்தோம் என்று நான் சொல்வதில் பாதி பொய். உடலைக் குளிப்பாட்ட நீர் எடுத்துவரும் நீர்மாலைக்கு யார் முன்னால் போக வேண்டும், வாய்க்கரிசியை எந்த வரிசையில் இடவேண்டும், கோடித் துணியை எந்த வீட்டார் கொண்டுவர வேண்டும் என்பதெல்லாம் எங்கள் தலைமுறையில் ஒருவருக்கும் தெரியாது. அடுத்த தெருவிலிருந்து வந்த 79 வயதுப் பாட்டி ஒருவர் நாற்காலியில் அமர்ந்தபடியே எல்லாவற்றையும் நடத்தினார். துஷ்டி வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் கட்டன் சாயாவும் கஞ்சியும் பயறும் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து வந்தன. குளிப்பாட்டுவதையும் தூக்குவதையும் மருமக்களே செய்தார்கள். முன்பெல்லாம் இவ்வேலைகளில் பலவற்றைக் குறிப்பிட்ட சாதியினரைக் கொண்டு கட்டாயமாகச் செய்வித்துவிட்டு, அதையும் ‘நாங்களே நடத்தினோம்’ என்றுதான் பெரியவர்கள் சொல்லிக்கொண்டார்கள். அதை நினைத்தால், கூலி பேசி வேலை செய்யும் ஒப்பந்த நிறுவனத்தை முற்றிலும் பழிக்க எனக்கு மனம் வரவில்லை.

பூவுக்குத் தோவாளைச் சந்தைக்கே தம்பியை விடியுமுன் அனுப்பினோம். உள்ளூர்க் கடை கேட்ட விலையில் பாதிக்கும் குறைவாகவே ஆனது. பந்தல், நாற்காலி, பூ, வண்டி, பெட்டி, தகன மேடை எல்லாம் சேர்த்து மொத்தம் 22,400 ரூபாய். கணக்கு நோட்டு அத்தானிடம் இருக்கிறது.

பணத்தில் லாபம்தான். ஆனால் பெரியப்பாவின் மூத்த மகள் அந்த ஒன்றரை நாளில் தகப்பனார் பக்கத்தில் அரை மணி நேரம்கூட உட்காரவில்லை. பந்தல்காரர், பூக்காரர், வண்டிக்காரர் என அனைவரும் அவளையே கூப்பிட்டார்கள், ஏனென்றால் முதல் நாள் எல்லோருக்கும் கொடுத்தது அவளுடைய எண். அந்த எண்ணை எழுதிக் கொடுத்தவன் நான். இரத்த உறவில் சற்று விலகிய ஒருவருடைய எண்ணை, என்னுடையதையே, கொடுத்திருக்க வேண்டும். ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் உண்மையில் இந்த ஒரு வேலைக்கான கூலி என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. அப்படி ஓடியாட ஆள் இல்லாத வீட்டார், விலையைப் பிரித்து எழுதித் தரும் நிறுவனமாகப் பார்த்து ஒப்படைப்பதில் தவறில்லை.

சாம்பலைக் கன்னியாகுமரிக் கடலில் கரைக்கலாம் என்று சிலர் சொன்னாலும், ஆடி அமாவாசைக்கு ஆண்டுதோறும் முன்னோருக்கு வாவுபலி இடப் பெரியப்பா போய்வந்த குழித்துறை ஆற்றிலேயே கரைத்தோம். மரணத்தை 21 நாள்களுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. எங்கள் ஊர் கிராம ஊராட்சியில் இருப்பதால் கிராம நிர்வாக அலுவலரிடம் பத்தாம் நாளே பதிந்துவிட்டோம். ஆதாரில் ஒரு விதமாகவும் பட்டாவில் வேறு விதமாகவும் இருந்த தலைப்பெழுத்தைப் பதிவுக்கு முன்பே யாரும் ஒப்பிட்டுப் பார்க்காததால், கருமாதிச் சடங்கான அடியந்திரம் முடிந்த மறுநாள் அத்தானும் நானும் திருத்தத்துக்கு மனு எழுதிக்கொண்டு அதே அலுவலகத்தில் போய் நின்றோம்.