தூக்கிய எஃப்ஜே62-இல் கமின்ஸ் 4பிடி: நாள்பட ஓட்டினால் தெரிவது

டொயோட்டா லேண்ட் க்ரூசர் எஃப்ஜே62-ஐ 4 அங்குலம் தூக்கி, 35 அங்குல டயர் மாட்டி, கம்பெனி 3எஃப்-இ பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு கமின்ஸ் 4பிடி டீசலை இறக்கலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இன்ஜினைப் பற்றியே கேட்கிறார்கள். இன்ஜின் ஓடும், அதில் சந்தேகமே வேண்டாம். வண்டி வழியில் நிற்பதெல்லாம் அதைச் சுற்றியுள்ளவற்றால்தான்: மவுண்டிங், டீசல் பைப், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், பிரேக் பூஸ்டர்.

3எஃப்-இ 4.0 லிட்டர், 155 குதிரைத்திறன். அதன் உச்ச டார்க் சுமார் 298 நியூட்டன் மீட்டர், அது கிடைப்பது நிமிடத்துக்கு 3,000 சுற்றில். 4பிடி 3.9 லிட்டர். டெலிவரி வேன்களில் வந்த சாதாரண வடிவத்தில் வெறும் 105 குதிரைத்திறன்தான், ஆனால் 1,600 சுற்றிலேயே சுமார் 360 நியூட்டன் மீட்டர் தருகிறது. பாறை மேல் லோ ரேஞ்சில் ஏறும்போது ஆக்சிலரேட்டரைத் தொடவே வேண்டாம், ஐடிலிலேயே நகரும். நெடுஞ்சாலையில் ஒரு லாரியை முந்த வேண்டுமென்றால் நீண்ட வெற்றுச் சாலைக்குக் காத்திருக்க வேண்டும். இந்தப் பேரம் பிடிக்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கியர் விகிதத்தைக் காகிதத்தில் போட்டுப் பார்க்காமல் கியர்பாக்ஸ் வாங்கக் கூடாது. 35 அங்குல டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.7 மீட்டர் உருளும். எஃப்ஜே62-இன் ஆக்சில் விகிதம் 4.11. டொயோட்டாவின் எச்55எஃப் ஐந்து கியர் பெட்டியின் ஐந்தாவது 0.845. மணிக்கு 100 கிலோமீட்டரில் இன்ஜின் சுமார் 2,140 சுற்றில் ஓடும். சுற்று மிஞ்சாமல் தடுக்கும் கவர்னர் 2,500-ஐ ஒட்டி வெட்டும் வேன் இன்ஜினுக்கு இது கொஞ்சம் அதிகம். மணிக்கு 75 முதல் 85 கிலோமீட்டர் வரைதான் அதற்குச் சுகம். என்வி4500 என்ற ஐந்து கியர் பெட்டியைப் போட்டால் ஐந்தாவது 0.73, அதே வேகத்துக்கு 1,850 சுற்று. சாலை ஓட்டத்துக்கு இது மேல். ஆனால் எச்55எஃப்-ஐ அதற்குரிய டிரான்ஸ்ஃபர் கேஸோடு (சக்தியை முன் பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டி) ஒரே செட்டாக வாங்கிவிட்டால், முன் பின் ஷாஃப்ட் இரண்டும் டொயோட்டா நினைத்த இடத்திலேயே வெளியே வரும். காட்டு ஓட்டமே முக்கியம் என்றால் எச்55எஃப்தான் நம் தேர்வு. வண்டியோடு வந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை வைத்துக்கொள்ளும் யோசனை வேண்டாம். அது பெட்ரோல் இன்ஜினின் சுற்றுக்கு ஏற்பக் கியர் மாற்றுவது, 2,500-இல் நிற்கும் இன்ஜினோடு ஒத்துப்போகாது.

இன்ஜினையும் கியர்பாக்ஸையும் பொருத்தும் அடாப்டர் பிளேட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், இரண்டுக்கும் நடுவிலுள்ள உறையான பெல் ஹவுசிங்கின் துளை கிராங்க் ஷாஃப்டோடு மையம் பொருந்துகிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். காந்தக் காலை ஃப்ளைவீலில் நிறுத்தி, முள்ளைத் துளையின் உள் விளிம்பில் தொடவிட்டு, கிராங்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். மையம் விலகியிருப்பது 0.13 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். கேஜ் அதைப் போல இரண்டு மடங்கு காட்டும் என்பதை மறக்க வேண்டாம். மிஞ்சினால் ஆஃப்செட் டவல் (மையம் விலகிய பொருத்து முளை) போட்டுச் சரிசெய்யலாம். இதை விட்டவர்களுக்கு பைலட் பேரிங்கும் கியர்பாக்ஸின் இன்புட் பேரிங்கும் அடிக்கடி போகும், காரணம் மட்டும் பிடிபடாது.

இனி அதிர்வு. இந்த மாற்றத்தின் தலையெழுத்தே இதுதான். ஒவ்வொரு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரு லிட்டர், அதிர்வை அடக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட் கிடையாது. 800 சுற்று ஐடிலில் நொடிக்கு 27 முறை பாடியை உதறும். பக்கக் கண்ணாடியில் பின்னால் நிற்கும் வண்டி இரண்டாகத் தெரியும். உறுதியாக இருக்கட்டும் என்று பாலியூரித்தேன் மவுண்ட் போடுவதுதான் பலர் செய்யும் முதல் தப்பு. இன்ஜின் ஆடாது, அதற்குப் பதிலாக வண்டி முழுவதும் ஆடும். மிருதுவான, பெரிய ரப்பர் மவுண்ட் வேண்டும், இன்ஜினுக்கு அசைய இடம் விட வேண்டும். கியர்பாக்ஸ் மவுண்டும் அதே மிருதுவில் இருக்கட்டும். முன்னால் மெத்தென்றும் பின்னால் கல்லாகவும் வைத்தால் பெல் ஹவுசிங்தான் வளைவு விசையைத் தாங்கும். பழைய வண்டியின் பாடி மவுண்ட் ரப்பர்கள் பெரும்பாலும் தட்டையாகிப் போயிருக்கும். இன்ஜின் வெளியே இருக்கும்போதே அவற்றையும் மாற்றிவிட்டால் உள்ளே கேட்கும் இரைச்சல் பாதி குறைந்தது போலிருக்கும். ஐடிலை 850-க்கு ஏற்றினாலும் நன்றாகவே அடங்கும்.

அதிர்வு விரிசலாக வெளிப்படுவது உடனே அல்ல. முதலில் சைலன்சர் பிராக்கெட், பிறகு பேட்டரி தட்டு, ஏர் கிளீனர் தாங்கி, அடுத்து ரேடியேட்டரின் பக்கவாட்டு ஈயப் பற்று. சேசிஸில் பற்றவைத்த இன்ஜின் பிராக்கெட்டில் விரிசல் எப்போதும் வெல்டிங் முடியும் மூலையில்தான் ஆரம்பிக்கும். அந்தத் தகட்டை நேராக வெட்டாமல் மீன்வால் போலக் கூர்த்து விட்டால் விசை ஒரே இடத்தில் குவியாது. இன்ஜினிலிருந்து சேசிஸுக்குப் போகும் எந்தக் குழாயும் நடுவில் வளையம் விட்ட ஹோஸாக இருக்க வேண்டும். சைலன்சர் பைப்பில் டர்போவை ஒட்டி ஒரு ஃப்ளெக்சிபிள் துண்டு கட்டாயம்.

வண்டியைத் தூக்கியிருப்பதால் இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் சம்புக்கு நிறைய இடம் இருக்கிறது என்று தோன்றும். நிற்கும்போது இருப்பது இடமே இல்லை, ஆக்சில் முழுக்க மேலே ஏறும்போது மிச்சமிருப்பதுதான் இடம். ஆக்சில் மேலே ஏறுவதைத் தடுக்கும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப்பை நீளப்படுத்தாமல் தூக்கினால் ஆக்சில் பழைய உயரம் வரை வந்தே தீரும். முன் லீஃப் ஸ்பிரிங்கில் மெயின் பட்டையை மட்டும் விட்டு மற்றதைக் கழற்றி, ஜாக்கி வைத்து ஆக்சிலை பம்ப் ஸ்டாப் தொடும் வரை ஏற்றிப் பாருங்கள். டிஃபரென்ஷியல் முகப்பில் ஒரு உருண்டை களிமண் ஒட்டி வைத்தால் மீதி இடைவெளி அதிலேயே பதிந்துவிடும். நசுங்கிய களிமண்ணின் தடிமன் 25 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் பம்ப் ஸ்டாப்பைக் கூட்டுங்கள். இடதை மட்டும், வலதை மட்டும் தனித்தனியாகவும் ஏற்றிப் பார்க்க வேண்டும். காட்டில் இரண்டும் ஒன்றாக ஏறுவது அபூர்வம்.

4பிடி சுமார் 350 கிலோ. முன் ஸ்பிரிங் மெலிந்ததாக இருந்தால் தூக்கிய 4 அங்குலத்தில் ஒரு பங்கு தானாக இறங்கிவிடும். ஸ்டீயரிங் நேராக நிற்க வேண்டுமென்று ஆப்புத் தகடு வைத்து காஸ்டரை (ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வு) ஏற்றும்போது டிஃபரென்ஷியலின் பினியன் மூக்கு கீழே தாழும், முன் ஷாஃப்டின் கோணம் கெடும். ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று போகும். இரண்டும் வேண்டுமென்றால் சக்கரம் திரும்பும் ஆக்சில் முனையின் நக்கிளை வெட்டித் திருப்பிப் பற்றவைப்பதுதான் வழி, அதற்கு ஜிக் உள்ள கடைக்காரர் வேண்டும். பின்பக்கம் இரட்டை கிராஸ் உள்ள ஷாஃப்ட் போட்டால் பினியன் டிரான்ஸ்ஃபர் கேஸை நேராகப் பார்க்க வேண்டும். இழுவையில் மூக்கு மேலே எழும்புவதால் 1 முதல் 2 பாகை தாழ்த்தி வைப்பது வழக்கம்.

டீசல் பக்கம் அடிக்கடி வரும் புகார் ஒன்றே: காலையில் ஸ்டார்ட் ஆக நேரமாகிறது, ஸ்டார்ட் ஆனதும் வெள்ளைப் புகை. பத்துக்கு எட்டுப் பேர் டீசல் தெளிக்கும் நாசிலைக் கழற்றுவார்கள். குற்றவாளி பெரும்பாலும் ஏர் பிடிக்கும் உறிஞ்சு பைப். எஃப்ஜே62-இன் டேங்கில் பெட்ரோலுக்கான மின் பம்ப் உள்ளே இருக்கும். அதை அப்படியே விட்டு, இன்ஜினின் டயாஃப்ரம் பம்ப் அதன் வழியே உறிஞ்ச வேண்டும் என்றால் அடைப்பு வைத்துக் குடிப்பது போலாகும். அதைக் கழற்றி நேர் குழாயும் வலையும் போடுங்கள். டேங்க் மூச்சுக் குழாயை மட்டும் அடைத்துவிடாதீர்கள். துத்தநாகம் பூசிய இணைப்புகள் டீசலுக்கு ஆகாது. பழைய இன்ஜின் என்றால் விஇ வகை இன்ஜெக்ஷன் பம்பின் ரப்பர் ரிங்குகளை விட்டான் வகைக்கு மாற்றியே மாட்டுங்கள். கந்தகம் குறைந்த டீசல் பட்டால் பழைய நைட்ரைல் ரிங்குகள் சுருங்கிக் கசியும். கசிவு கண்ணில் படாமல், நிறுத்தி வைத்த இரவில் காற்றை மட்டும் உள்ளே விடுவதும் உண்டு. சந்தேகம் வந்தால் ஃபில்டருக்கு முன் ஒரு முழம் ஒளிபுகும் ஹோஸ் மாட்டிப் பாருங்கள், குமிழி ஓடுவது தெரியும்.

இன்ஜின் ஸ்டாண்டில் இருக்கும்போது ஒன்றை விடவே கூடாது. டைமிங் கியர் உறைக்குள் ஒரு எஃகு டவல் பின் இருக்கிறது. பல ஆண்டு அதிர்வில் அது நழுவி வெளியே வரும். நழுவி கியருக்குள் விழுந்தால் உறை உடையும், அதற்கு மேலும் போகலாம். முன் கவரைக் கழற்றி, பக்கத்து போல்ட்டில் ஒரு சின்னத் தகட்டை மாட்டிப் பின்னின் வாயை மறைத்துவிட்டால் போதும். போல்ட் தளராமல் இருக்க லாக்டைட் பசை போடுங்கள். பின் கிராங்க் சீலும் அப்போதே மாற்றத்தக்கது. எண்ணெய் தடவிப் போடும் பழக்கம் இங்கே ஆகாது. சீல் உதடும் கிராங்க் முகமும் காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். தடவினால் முதல் மாதத்திலேயே ஒழுகும்.

டீசலில் த்ராட்டில் தட்டு இல்லை, ஆகவே பிரேக் மிதிக்கு உதவும் பூஸ்டருக்கு வேக்கமும் இல்லை. வேக்கம் பம்ப் உள்ள டைனமோவோ, பவர் ஸ்டீயரிங் பம்பிலிருந்து ஓடும் ஹைட்ரோபூஸ்டோ வேண்டும். ஹைட்ரோபூஸ்டில் பிரேக் அபாரமாகப் பிடிக்கும். ஆனால் காற்றைக் குறைத்த டயரோடு ஐடிலில் நின்று, பிரேக்கை மிதித்தபடி ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கல்லாகிவிடும், ஒரே பம்ப் இரண்டுக்கும் போதாது. வலப்பக்க ஸ்டீயரிங் வண்டியில் இன்னொரு தலைவலி: டர்போவும் வலப்பக்கம்தான் இருக்கிறது. பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்கும் ஸ்டீயரிங் தண்டுக்கும் வெப்பத் தடுப்புத் தகடு இல்லாமல் ஓட்டக் கூடாது.

மின் வேலை சொற்பம். ஷட்-ஆஃப் சொலினாய்டுக்கு ஒரு 12 வோல்ட் வயர், ஆர்பிஎம் மீட்டருக்கு டைனமோவின் டபிள்யூ முனை, அவ்வளவே. டீசல் திருகைத் திறந்து சக்தி கூட்டுகிறவர்கள் முதலில் டர்போவுக்கு முன்பாக வெப்பமானி பொருத்தட்டும். நீண்ட ஏற்றத்தில் புகையின் வெப்பம் 670 பாகை செல்சியஸைத் தாண்டவிடக் கூடாது.

பராமரிப்பு என்று பார்த்தால் டேப்பட்டும் (வால்வ் இடைவெளி) போல்ட்டும்தான். இன்ஜின் ஆறியிருக்கும்போது இன்லெட் 0.25, எக்ஸாஸ்ட் 0.51 மில்லிமீட்டர். மவுண்ட், பெல் ஹவுசிங், ஷாஃப்ட் போல்ட் ஒவ்வொன்றின் தலையிலிருந்து தகடு வரை வெள்ளை பெயின்டில் ஒரு கோடு இழுத்து வையுங்கள். கோடு முறிந்திருந்தால் போல்ட் திரும்பியிருக்கிறது, ஸ்பேனர் எடுக்காமலே தெரியும். முதல் 500 கிலோமீட்டரில் இரண்டு மூன்று முறிந்தே இருக்கும்.

லிட்டருக்கு 5, 6 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 8, 9 கொடுக்கும். சத்தம் மட்டும் குறையாது. அமைதி வேண்டும் என்று ஆறு சிலிண்டர் 6பிடி-யை யோசிப்பவர்கள் கவனிக்க: அது சுமார் 500 கிலோ. முன் ஸ்பிரிங், ரேடியேட்டர் இடம், ஸ்டீயரிங் என்று எல்லாக் கணக்கையும் முதலிலிருந்து போட வேண்டியிருக்கும்.