வேலூர் மழைநீர்: தெரு வடிகாலா, கால்வாயா, ஏரியா?

ஒவ்வொரு மழைக்கும் பிறகு வேலூரில் எழும் கோரிக்கை, "எங்க தெருவுக்கு கான்கிரீட் கால்வாய் போடுங்க" என்பதுதான். நியாயமான கோரிக்கை. சரி, தெருவைத் தாண்டி அந்தத் தண்ணீர் எங்கே போகும்?

கான்கிரீட் வடிகாலின் பலம் வேகம். புதர் மண்டிய மண் கால்வாயைவிட, அதே அளவிலும் சரிவிலும் இரண்டு மடங்கு தண்ணீர் ஓடும். ஆனால் எல்லாத் தெருத் தண்ணீரும் ஒரே நேரத்தில் பள்ளத்தில் வந்து சேரும். தூர் வாராவிட்டால் இன்னும் மோசம்: 1 மீட்டர் அகலமும் ஆழமும் உள்ள வடிகாலில் பாதி உயரம் மண் சேர்ந்தால், முன்பு ஓடியதில் சுமார் 40 சதவீதம்தான் ஓடும்.

அடுத்தது நிக்கல்சன் கால்வாய். நகரத்துத் தண்ணீரைப் பாலாற்றில் கொண்டு சேர்க்க வேண்டியது இதுதான். இது குறுகிக் கிடக்கும்வரை, மேலே எத்தனை வடிகால் கட்டினாலும் கன்சால்பேட்டை போன்ற தாழ்வான பகுதிகள்தான் தாங்க வேண்டும். 2021 நவம்பரில் கோட்டை அகழி நிரம்பி, ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் தண்ணீர் நின்றதை ஊரே பார்த்தது. வெளியேற வழியில்லாத தண்ணீர் அப்படித்தான் செய்யும். கால்வாயை அகலப்படுத்தினால் கரையோர வீடுகள் போகும். அங்கே குடியிருப்பவர்களுக்கு ஊருக்குள்ளேயே மாற்று வீடு கொடுத்த பிறகுதான் இடிக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பாலாறே கரைபுரண்டால் கால்வாய்த் தண்ணீர் ஆற்றில் இறங்காது. அப்போது கைகொடுப்பவை ஏரிகள்: ஓட்டேரி, சதுப்பேரி, கழிஞ்சூர், தாராபடவேடு. சுற்றிலும் மலை இருப்பதால் மழைத் தண்ணீர் சீக்கிரம் ஊருக்குள் இறங்கிவிடும். 200 ஹெக்டேரில் 50 மி.மீ. பெய்தால் ஒரு லட்சம் கன மீட்டர். 10 ஹெக்டேர் ஏரியில் ஒரு மீட்டர் இடம் காலியாக இருந்தால் அத்தனையும் அடங்கும். ஆனால் ஐப்பசியிலேயே ஏரி நிரம்பிக் கோடி போய்விட்டால் (வழிந்துவிட்டால்) அந்தக் கணக்கு பலிக்காது. மதகைச் சரிசெய்து, பெருமழைக்கு முன்பே கொஞ்சம் திறந்துவிட வேண்டும்.

மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழிகள் கோடை மழைக்கு நல்லவை, கார்த்திகை அடைமழைக்குப் போதாது.

காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். பெருமழை இன்னும் வலுக்கும். ஆகவே என் வரிசை: முதலில் நிக்கல்சன் கால்வாய் ஆற்றில் சேரும் முகப்பு, கூடவே ஏரிகளும் அவற்றுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய்களும், அப்புறம் தெரு வடிகால். அதையும் கால்வாயில் சேரும் முனையிலிருந்து தொடங்கி மேல்நோக்கிக் கட்ட வேண்டும்.